துவர்ப்பும் ஒரு விமர்சனச் சொல்லும்

'ஆஸ்டியர்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பது எனக்குப் பல வருஷங்கள் ஒரு பிரச்னையாகவே இருந்ததில்லை. மதிப்புரை எழுதும்போது அந்தச் சொல் மனதில் வந்தால் கை தானாக 'எளிமையான' என்று எழுதிவிடும். இடத்தைப் பொறுத்து 'கறாரான', 'இறுக்கமான', 'சிக்கனமான' என்றும் எழுதியிருக்கிறேன். இந்த நான்கு சொற்களில் எதுவும் மற்றொன்றுக்கு ஈடல்ல. ஒரே சொல்லுக்கு நான்கையும் மாற்றி மாற்றிப் போட முடிந்தது என்றால் நான்குமே பொருந்தவில்லை என்றுதான் அர்த்தம். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது ஒரு கார்டு வந்த பிறகு. எழுதியவர் ஒரு கவிஞர். இன்று உயிரோடு இல்லை. அவருடைய தொகுதியைப் பற்றி நான் எழுதிய மதிப்புரையில் 'எளிமை' என்ற சொல் மூன்று இடங்களில் வந்திருந்தது. பாராட்டாகத்தான் சொல்லியிருந்தேன். கார்டில் இரண்டே வாக்கியங்கள். 'எளிமை என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். எளிமையாக இருந்திருந்தால் முப்பது வருஷத்தில் இத்தனை குறைவாக எழுதியிருப்பேனா?' பதில் எழுத நினைத்து, எழுதாமல் விட்டுவிட்டேன். இந்தக் கட்டுரை அந்தப் பதிலாக இருக்கலாம்.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். இன்று 'ஆஸ்டியர்' என்றால் கண்டிப்பான, ஆடம்பரமற்ற, துறவு மனப்பான்மையுள்ள என்றெல்லாம் அர்த்தம் கொள்கிறோம். ஆனால் இது பிறக்கும்போது மனிதர்களைப் பற்றிய சொல்லாகவோ நடையைப் பற்றிய சொல்லாகவோ பிறக்கவில்லை. இது ஒரு சுவையின் பெயர். கிரேக்கத்தில் 'ஔஸ்டெரோஸ்' என்பது பழுக்காத பழத்தையும் ஒருவகைத் திராட்சை மதுவையும் நாக்கில் வைத்தால் ஏற்படுகிற உணர்வைச் சொன்னது. 'உலர்ந்த' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அரிஸ்டாட்டில் ஆன்மாவைப் பற்றிய தன் நூலில் சுவைகளை வரிசைப்படுத்தும்போது இதற்கும் ஓர் இடம் தருகிறார். பிளேட்டோ 'டிமேயஸ்' என்ற நூலில் சில பொருள்களின் மண் தன்மையான துகள்கள் நாக்கின் நுண்குழல்களைச் சுருக்கி உலர்த்துகின்றன என்றும், அதிகமாகச் செய்தால் ஒரு சுவை, சற்றுக் குறைவாகச் செய்தால் இந்த ஔஸ்டெரோஸ் என்றும் பிரிக்கிறார். சுருக்குவது, உலர்த்துவது: இந்த இரண்டு வினைகளையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிரேக்கத்திலேயே இந்தச் சொல் வாயிலிருந்து மனிதனுக்குப் போய்விட்டது. லூக்கா சுவிசேஷத்தின் உவமை ஒன்றில் வேலைக்காரன் தன் எஜமானைக் குறிப்பிடும்போது கிரேக்க மூலத்தில் இந்தச் சொல் வருகிறது. 1611இல் வெளியான ஆங்கில பைபிளும் அதை அப்படியே 'ஆஸ்டியர்' என்று எடுத்துக்கொண்டது. தமிழ் பைபிளில் அது 'கடினமுள்ள' என்று ஆயிற்று. லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல் பிறகு மடத்துக்கும் உடைக்கும் கட்டடத்துக்கும் பரவி, இரண்டாம் உலகப் போரின்போதும் அதற்குப் பிந்தைய ரேஷன் காலத்திலும் பிரிட்டனில் அரசாங்கச் சொல்லாகவே ஆகிவிட்டது. 2010க்குப் பிறகு ஐரோப்பிய அரசுகள் செலவைக் குறைத்தபோது பத்திரிகைகளில் மீண்டும் அடிபட்டது. நம் பத்திரிகைகள் அதைச் 'சிக்கன நடவடிக்கை' என்று எழுதின. பழைய அர்த்தம் இன்று ஆங்கிலத்தில் மிச்சமிருப்பது திராட்சை மதுவைச் சுவைத்துத் தரம் பார்ப்பவர்களின் பேச்சில்தான். மற்றவர்களுக்கு இந்தச் சொல்லில் நாக்கு இல்லை.

ஆங்கிலத்தில் அந்தச் சுவைக்கு இப்போது இருக்கும் சொல் 'அஸ்ட்ரிஞ்ஜென்ட்'. அது மருந்துக் கடையின் சொல். இறுக்கிக் கட்டுவது என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. வாழைப்பூவைத் தின்ற ஓர் ஆங்கிலக் குழந்தை அம்மாவிடம் இந்தச் சொல்லைச் சொல்லும் என்று நம்ப முடியவில்லை. நம் குழந்தைக்கு அந்தச் சங்கடம் இல்லை. 'தொவக்குது' என்று துப்பிவிடும்.

இனி நம் சொல். 'துவர்' என்பதற்கு அகராதியில் சுவை என்ற பொருள் மட்டும் இல்லை. துவர் என்றால் பாக்கு. துவர் என்றால் சிவப்பு, பவளம். துவர் என்றால் காவிக்கல். சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையில் மாதவி நீராடும் இடத்தில் பத்துத் துவர் என்று குளியல் சரக்குகளின் பட்டியலே குறிக்கப்படுகிறது. இதே எழுத்து வடிவத்தில் 'உலர்தல்' என்று பொருள்படும் வினையும் நிற்கிறது. நாஞ்சில் நாட்டில் குளித்துவிட்டு வருகிறவன் தலையைத் துவர்த்துகிறான். அங்கே துவர்த்து என்றால் துண்டு. மலையாளத்தில் அதுவே தோர்த்து. ஈரத்தை எடுப்பதும் வாயிலிருந்து ஈரத்தை எடுக்கும் சுவையும் நமக்கு ஒரே ஒலியில் கிடைத்திருக்கின்றன. கிரேக்கன் போன வழியும் இதுதான்: உலர்ச்சியிலிருந்து சுவை.

அதற்குப் பிறகு அவன் சென்ற வழியிலும் நாம் சென்றிருக்கிறோம். துவராடை என்றால் துறவியின் உடை. தேவாரத்தில் பௌத்தத் துறவிகளின் உடை இந்தச் சொல்லால் சுட்டப்படுகிறது. வடமொழியில் 'கஷாயம்' என்ற சொல்லைப் பாருங்கள். ஆறு சுவைகளில் துவர்ப்புக்கு அங்கே பெயர் கஷாயம். மருந்துச் சரக்குகளைக் கொதிக்க வைத்து இறக்குவதும் கஷாயம். காவிச் சிவப்பு நிறமும், அந்த நிறத்தில் துறவி உடுத்தும் காஷாயமும் அதே சொல்லைச் சேர்ந்தவை. சரக சம்ஹிதை இந்தச் சுவையை வர்ணிக்கும்போது நாக்கை விறைக்கச் செய்வது, தொண்டையைக் கட்டுவது போலிருப்பது என்கிறது. ஆக, கிரேக்கம், சமஸ்கிருதம், தமிழ் மூன்றிலும் ஒரே சுவை துறவியிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. துவர்ப்புள்ள பட்டைகளும் காய்களும் சாயச் சட்டியில் துணிக்கு நிறம் பிடிக்க உதவின என்பது நம் மொழிகள் சென்ற வழிக்கு ஒரு காரணமாக இருக்கலாம். சமணம் இதையே திருப்பிப் போட்டது. அங்கே கோபம், மானம், மாயை, லோபம் நான்கும் கஷாயங்கள். கர்மம் ஆன்மாவில் ஒட்டிக்கொள்வதற்கு அவைதான் காரணம். துறவியின் உடைக்கும் துறவி விட வேண்டியவற்றுக்கும் ஒரே பெயர். ஒட்ட வைப்பது, கட்டுவது என்ற குணத்தை அவர்கள் கண்டுகொண்டதால் வந்தது இது.

இந்தக் கட்டுகிற குணத்தை நான் தேவகோட்டையில் ஒரு கொத்தனாரிடம் தெரிந்துகொண்டேன். எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டின் வளவுச் சுவரில் பூச்சு பெயர்ந்து அதைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். செட்டிநாட்டு வீடு எந்த அர்த்தத்திலும் ஆஸ்டியர் அல்ல. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியம் கண்ணாடியும் வைத்துக் கட்டியவை. ஆனால் அந்தக் கண்ணாடி போன்ற வெள்ளைப் பூச்சுக்குள் சுண்ணாம்போடும் முட்டை வெள்ளைக் கருவோடும் சேர்ந்திருப்பது கடுக்காய். முற்றத்தில் ஒரு தொட்டியில் உடைத்த கடுக்காயும் வெல்லமும் ஊறிக்கொண்டிருந்தன. எதற்கு என்று கேட்டேன். 'கடுக்காத் தண்ணி விடலேன்னா சாந்து கட்டாதுங்கய்யா. நாக்குல வச்சுப் பாருங்க, எப்பிடிப் பிடிக்குதுன்னு தெரியும்' என்றார் கொத்தனார். வைத்துப் பார்த்தேன். வெல்லத்தையும் மீறி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாய்க்குள் நடப்பதும் சுவரில் நடப்பதும் அவருக்கு ஒரே காரியம்.

ரசாயனமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. துவர்ப்புள்ள பொருள்களில் இருப்பது பெரும்பாலும் டானின். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுகிறார்களே, அங்கே தோலின் புரதத்தைக் கட்டிப் பச்சைத் தோலைப் பதமான தோலாக்குவது இந்த டானின்தான். வாயில் அது எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக் கட்டுகிறது. வாயை வழுவழுப்பாக வைத்திருப்பவை அந்தப் புரதங்கள். அவை திரண்டு விலகியதும் நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று உராய்கின்றன. நாம் அதை உலர்ச்சி என்று உணர்கிறோம். லத்தீன்காரன் சொன்ன கட்டுதலும் தமிழனும் கிரேக்கனும் சொன்ன உலர்தலும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பாதிகள். டீயில் பால் விட்டால் துவர்ப்பு அடங்குவதும் இதனால்தான்: டானின் எச்சிலை விட்டுவிட்டுப் பாலின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. இன்றைய உடலியலில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, 1908இல் கிகுனே இகேடா என்ற ஜப்பானிய விஞ்ஞானி பெயரிட்ட உமாமி ஆகிய ஐந்துமே அடிப்படைச் சுவைகள். துவர்ப்பை அவற்றோடு சேர்ப்பதில்லை. அது பெரும்பாலும் தொடு உணர்ச்சி என்கிறார்கள்.

இங்கே இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, துவர்ப்பு என்பது இன்மை அல்ல. வறட்சியில் தண்ணீர் இல்லை. துவர்ப்பில் வாயில் எச்சில் இருக்கிறது, ஆனால் வழுக்க மறுக்கிறது. அங்கே ஏதோ ஒன்று இருந்து வேலை செய்கிறது. இரண்டாவது, அது பண்டத்தின் குணமாக மட்டும் இல்லை, பண்டத்துக்கும் வாய்க்கும் நடுவே நிகழும் உராய்வாக இருக்கிறது. நடையைப் பற்றிப் பேசுகிறவனுக்கு இதைவிட உபயோகமான சுவை கிடைக்காது.

இதைக் கண்டுகொண்ட விமர்சகன் ஒருவன் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே இருந்திருக்கிறான். கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோமில் வாழ்ந்த கிரேக்கர், ஹாலிகர்னாசஸ் ஊர்க்காரரான டயோனிசியஸ். சொற்களைக் கோப்பது பற்றிய தன் நூலில் அவர் மூன்று வகைக் கோப்புகளைப் பிரிக்கிறார். ஒன்று ஔஸ்டெரோஸ், இன்னொன்று வழவழப்பானது, மூன்றாவது இரண்டும் கலந்தது. முதல் வகையில் சொற்கள் தூண்கள் போலத் தனித்தனியாக ஊன்றி நிற்க வேண்டும்; ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும்; ஒலிகள் மோதினால் மோதட்டும். செதுக்காத கற்களை அடுக்கியது போல என்று உவமை சொல்கிறார். பிண்டாரும் துசிடிடிஸும் அவருக்கு உதாரணங்கள். இரண்டாவது வகையில் சொற்கள் மென்துணியின் இழைகள் போல ஒன்றுக்குள் ஒன்று ஓட வேண்டும். அதற்கு உதாரணமாக அவர் எடுத்து எழுதியதால்தான் சாஃபோவின் ஒரு கவிதை இன்று நமக்கு முழுசாகக் கிடைத்திருக்கிறது. கவனிக்க வேண்டியது: அவர் 'ஆஸ்டியர்' என்று சொன்னது குறைவாகச் சொல்வதை அல்ல. எளிதாகச் சொல்வதையும் அல்ல. துசிடிடிஸ் எளிதானவரே அல்ல. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே உள்ள உராய்வைத்தான் அவர் ஒரு சுவையின் பெயரால் குறித்தார்.

தமிழில் சொற்கோப்பை இப்படிப் பார்க்கும் கண் இல்லாமலில்லை. தொல்காப்பியம் செய்யுளியலில் இருபது வண்ணங்களைச் சொல்கிறது. வல்லிசையும் மெல்லிசையும் அவற்றில் உண்டு. தண்டியலங்காரத்தின் பத்துக் குணங்களில் செறிவும் வலியும் இருக்கின்றன. ஆனால் அதே பட்டியலில் இன்பமும் ஒழுகிசையும் இருக்கின்றன. காலப்போக்கில் வென்றவை இவைதான் என்று தோன்றுகிறது. பிங்கல நிகண்டு தமிழ் என்ற சொல்லுக்கே இனிமை, நீர்மை என்று பொருள் தருகிறது. நீர்மை என்பதற்குத் தன்மை, இயல்பு என்ற பொருள்கள் இருந்தாலும் அதற்குள் நீர் இருக்கிறது. இனிக்க வேண்டும், ஓட வேண்டும்: இதுதான் நம் மொழியைப் பற்றி நாமே வைத்திருக்கும் கற்பனை. தேன், கரும்பு, அமுது, அருவி என்ற பாராட்டுகளைத் தாண்டி மேடையும் போகவில்லை, பாடப்புத்தகமும் போகவில்லை. துவர்ப்பை நாக்கில் வைத்திருந்த நாம் அதைக் கவிதைக்குக் கொண்டுபோகவில்லை. கவிதைக்குக் கொண்டுபோன ஆங்கிலத்தில் நாக்கு உதிர்ந்துவிட்டது.

இதன் விளைவைப் புதுக்கவிதை அனுபவித்தது. சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959இல் தொடங்கி 1970இல் நின்றது. 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வந்தது. அப்போது எழுந்த எதிர்ப்புகளில் ஒன்று 'வறட்சி'. ஓசை இல்லை, இனிமை இல்லை, வசனத்தை உடைத்துப் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். ஆதரித்த நாங்கள் என்ன பதில் சொன்னோம்? எளிமை என்றோம், சொற்சிக்கனம் என்றோம். எதிர்ப்பவர்கள் 'இது இல்லை, அது இல்லை' என்று அடுக்கினார்கள். நாங்களும் 'அலங்காரம் இல்லை, மிகை இல்லை' என்றுதான் அடுக்கினோம். இல்லாதவற்றின் பட்டியலை இரு தரப்பும் ஒத்துக்கொண்டன, மதிப்பெண்ணில்தான் தகராறு. அந்தக் கவிதைகளில் ஏதோ ஒன்று இருந்துகொண்டு வாயைப் பிடிக்கிறதே, அதைச் சொல்ல இருவருக்கும் சொல் இல்லை.

சொற்சிக்கனம் என்ற பதில் எவ்வளவு பொருந்தாதது என்பதற்கு நகுலன் போதும். அவர் சிக்கனக்காரர் அல்ல. சொன்னதையே திரும்பச் சொல்கிறவர். ஒரு பெயரை, ஒரு கேள்வியை, சாதாரணமான ஒரு வாக்கியத்தை மறுபடி மறுபடி சொல்லி, அது வழக்கமாக வழுக்கிச் செல்லும் பாதையில் செல்லாமல் நின்றுவிடும்படி செய்கிறார். செலவு அதிகம், ஆனால் துவர்ப்பு அசல்.

உரைநடையில் அசோகமித்திரனைப் பாருங்கள். 2017இல் அவர் மறைந்தபோதும் அதற்கு முன் அரை நூற்றாண்டாகவும் அவர்மேல் ஒட்டப்பட்ட சீட்டு 'எளிமை'. 1973இல் வந்த 'தண்ணீர்' நாவலை எடுத்துக்கொள்வோம். சென்னையின் ஒரு தெருவில் தண்ணீர்ப் பஞ்சம். ஜமுனா, அவள் தங்கை சாயா, டீச்சரம்மா. சொற்கள் எல்லாம் நாம் அன்றாடம் பேசுபவை. ஆனால் ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது 'அதனால்', 'ஆகவே' என்று கை கொடுத்துக் கூட்டிப்போக ஆசிரியர் வருவதில்லை. இரக்கப்பட வேண்டிய இடம் இது என்று சொல்வதில்லை. வாக்கியங்கள் தனித்தனியே ஊன்றி நிற்கின்றன. நம் இரக்கம் தயாராக ஊறி நிற்கிறது. பாய்வதற்கு வழுவழுப்பான தளம் கிடைக்காமல் நின்றுவிடுகிறது. இதை எளிமை என்பதும் தவறு, வறட்சி என்பதும் தவறு. தண்ணீர் இல்லாத ஊரைப் பற்றிய நாவல் என்பதால் இந்தக் குழப்பம் இன்னும் சுலபம். கதையில் இருப்பது வறட்சி. நடையில் இருப்பது துவர்ப்பு.

இதற்கு எதிர்ப்புறத்தில் தி. ஜானகிராமனை வைக்கலாம். 'மோகமுள்'ளில் வாக்கியங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகின்றன; டயோனிசியஸின் இரண்டாவது வகை. அது தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. டயோனிசியஸும் சாஃபோவைத் தாழ்த்தவில்லை. ஜானகிராமனைப் பற்றிப் பேச நமக்குச் சொற்கள் ஏராளமாக இருக்கின்றன, அசோகமித்திரனைப் பற்றிப் பேச 'எளிமை' தவிர எதுவும் இல்லை என்பதுதான் என் குறை.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. துவர்ப்பு எங்கும் ஒன்றல்ல. பாக்கிலும் கடுக்காயிலும் இருப்பது முற்றிய துவர்ப்பு, நாள்பட்டாலும் போகாது. சப்போட்டாக் காயிலும் வாழைக்காயிலும் இருப்பது பிஞ்சின் துவர்ப்பு, பழுத்தால் மறைந்துவிடும். மறைய வேண்டியதும்தான். நான்கு சொற்களை நான்கு வரிகளில் நிறுத்தி, நடுவே வெள்ளைத்தாளை விட்டு, துறவு போலத் தோற்றம் காட்டும் கவிதைகள் நம் சிறுபத்திரிகைகளில் குறைவில்லாமல் வந்திருக்கின்றன. அவற்றிலும் நாக்கு ஒட்டும். அது காய் பழுக்காததால் ஒட்டுவது. இரண்டையும் பிரித்துச் சொல்வது விமர்சகன் வேலை. 'எளிமை' என்ற சொல் அந்த வேலையைச் செய்யாமல் தப்பிக்க உதவியது. பிஞ்சையும் பாக்கையும் ஒரே தட்டில் வைத்தது. பிரிக்க எனக்குத் தெரிந்த ஒரே சோதனை திரும்பப் படிப்பது. பிஞ்சுக் கவிதையின் உராய்வு இரண்டாம் தடவையில் தீர்ந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் அங்கே ஒன்றும் மிச்சமில்லை. முற்றிய துவர்ப்பு ஒவ்வொரு தடவையும் வாயை முதலிலிருந்து பிடிக்கிறது.

பாலை விட்டு இறக்குகிற காரியத்தையும் சொல்ல வேண்டும். கடினமான ஒரு கவிதையை வாசகருக்கு 'விளக்கி'க் கொடுக்கிறோம் என்று அதில் கதையையும் உருக்கத்தையும் கலந்து தருகிறோமே, அப்போது டானின் பாலைப் பிடித்துக்கொள்கிறது. வாசகருக்கு ஒன்றும் ஆவதில்லை. அவர் மகிழ்ச்சியாகக் குடித்துவிட்டுப் போகிறார். நானும் அப்படி நிறைய ஆற்றிக் கொடுத்திருக்கிறேன்.

'ஆஸ்டியர்' என்ற சொல்லுக்குத் 'துவர்ப்பான' என்று எழுதினால் பழக்கமின்மையால் முதலில் சிரிப்பு வரும். 'துவர்ப்பான நடை' என்பதைப் படிப்பவர் குற்றம் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளவும் கூடும். வெற்றிலைச் செல்லத்தை எதிரில் வைத்துக்கொண்டு விருந்தை முடிக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, துவர்ப்பு பாராட்டாகாது என்று யார் சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சுவரிலும் வெல்லம் இல்லாமலில்லை. கடுக்காயோடு சேர்ந்துதான் அது அங்கே நிற்கிறது.

கவிஞரின் தொகுதியை இந்த வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன். மெல்லிய புத்தகம்; ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நான்கு நாள் ஆயிற்று, பாதிதான் தாண்டியிருக்கிறேன். என் பழைய மதிப்புரையில் 'எளிமை' வரும் மூன்று இடங்களையும் அடித்துவிட்டு 'துவர்ப்பு' என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு இடங்களில் சரியாக உட்கார்ந்தது. மூன்றாவது இடத்தில் வாக்கியமே தப்பு என்று தெரிந்தது. அதை முழுக்க அடித்துவிட்டேன்.